வீட்டுப் பத்திரம் லாக்கரிலேயே இருக்கட்டும்

அம்மா, போன சனிக்கிழமை என்னிடம் படிப்பு ஆலோசனைக்காக நீங்களும் உங்கள் மகனான தம்பியும் வந்து போனதிலிருந்து அந்தக் கட்டண நோட்டீஸ் என் மேசையிலேயே கிடக்கிறது. இங்கிலாந்தில் மூன்று ஆண்டு பிசினஸ் மேனேஜ்மென்ட், ஆண்டுக்கு 17,000 பவுண்டு. கட்டணம் மட்டுமே 60 லட்சத்தை நெருங்கும். பீளமேட்டு வீட்டை அடமானம் வைத்தாவது அனுப்பச் சொல்கிறார் பெரிய மாமா. அவர் மகன் லண்டனில் இருக்கிறான், சொந்தத்தில் நாம் மட்டும் தலைகுனிவதா என்று கலங்கினீர்கள். அன்றைக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது நேராகவே சொல்கிறேன்: அனுப்பாதீர்கள்.

அந்தக் கட்டணம் ஏன் அவ்வளவு என்று மாமா யோசித்திருக்க மாட்டார். இங்கிலாந்தின் சொந்த மாணவரிடம் ஒரு பல்கலைக்கழகம் இவ்வளவுதான் வாங்கலாம் என்று அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2012-இல் அது 9,000 பவுண்டு. 2025-இல் 9,535. இத்தனை ஆண்டு விலைவாசிக்கு அந்த உயர்வு எந்த மூலைக்கு? வெளிநாட்டு மாணவருக்கு உச்சவரம்பே கிடையாது. அங்கே விழும் துண்டை நம் ஊர் வீட்டுப் பத்திரங்கள் அடைக்கின்றன. உலகமயம் கல்விக்குள் வந்தது இந்த வாசல் வழியாகத்தான். நம்மைப் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டுக்கும் அதில் கமிஷன் போகிறது. படித்து முடித்தபின் அங்கே தங்கி வேலை தேட இரண்டு ஆண்டு தந்தார்கள். ஜனவரி 2027 முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு அது 18 மாதம்தான். தம்பி முடிக்கும்போது அந்த விதிதான் இருக்கும், இல்லையென்றால் இன்னும் இறுகியிருக்கும்.

அப்புறம் தம்பி. நாம் பேசிக்கொண்டிருந்தபோது என் மேசையில் இருந்த பித்தளை பேப்பர்வெயிட்டை எடுத்து விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினான். "லேத்தில் கடைந்தது மேடம், கடைசியில் டூல் அதிர்ந்திருக்கு" என்றான். பல ஆண்டாக என்னிடம் இருக்கும் பொருள், அந்த அதிர்வு விட்ட வரிகளை நான் பார்த்ததே இல்லை. விடுமுறை முழுக்கச் சித்தப்பாவின் பட்டறையில் கிடக்கிறான் என்று நீங்கள் குறைபட்டுக்கொண்டீர்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. இவனை மூன்று வருடம் மார்க்கெட்டிங் பாடத்தில் உட்கார வைக்க 60 லட்சமா?

வெளிநாடுதான் வேண்டும் என்றால் ஜெர்மனியின் 'ஆஸ்பில்டுங்' என்ற தொழிற்பயிற்சியைப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகளின் பட்டங்களை ஒரே முறைக்குக் கொண்டுவர 1999-இல் தொடங்கிய பொலோன்யா உடன்பாட்டுக்காகத் தங்கள் பழைய பல்கலைக்கழகப் பட்டங்களையே பேச்சிலர், மாஸ்டர் என்று மாற்றிக்கொண்ட நாடு அது. ஆனால் இந்தப் பயிற்சி முறையை விட்டுக்கொடுக்கவில்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில் வேலை, ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி. கடைசல் வேலையும், கணினி இயக்கும் எந்திரங்களான சிஎன்சியும் கற்றுத்தரும் பிரிவு மூன்றரை ஆண்டு. தேர்வை நடத்துவது தொழில் வர்த்தகச் சபை, அதனால் சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். கட்டணம் கிடையாது, நிறுவனமே மாதாமாதம் உதவித்தொகை தரும். 2025-இல் சேர்ந்தவர்களுக்கு முதல் ஆண்டில் சட்டப்படி குறைந்தபட்சம் 682 யூரோ, பிறகு ஆண்டுக்கு ஆண்டு கூடும். உலோகத் தொழிலில் ஆயிரத்துக்கு மேல் தருகிற நிறுவனங்கள் உண்டு. முடித்து, வேலை அனுபவத்தோடு 'மைஸ்டர்' என்ற தொழில் வல்லுநர் தேர்வு எழுதினால், அவர்கள் தகுதிப் பட்டியலில் அது பேச்சிலர் பட்டத்துக்குச் சமமான படி. பல்கலைக்கழகக் கதவும் அதன் வழியாகத் திறக்கும்.

இதில் கஷ்டமே மொழிதான். பாடம், பட்டறை, தேர்வு எல்லாம் ஜெர்மனில். மொழித் தேர்ச்சியில் நடு நிலையான பி1 இல்லாமல் பொதுவாகக் கிளம்ப முடியாது, அடுத்த படியான பி2 வரை போனால் நல்லது. ஆகவே ஓராண்டு உட்கார்ந்து படிக்க வேண்டும். பயிற்சி பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும். நிறுவனங்களுக்கு அதற்கு முந்தைய ஆண்டே எழுதத் தொடங்க வேண்டும். ஒப்பந்தம் கையில் வந்தபின்தான் விசா. உதவித்தொகை விசாவுக்குக் கேட்கும் தொகையை எட்டாவிட்டால் மீதியை வங்கியில் முடக்கிக் காட்டச் சொல்வார்கள். அதையும் மொழி வகுப்பு, விமானச் செலவையும் சேர்த்தாலும் அடமானம் வரை போகாது.

ஒரு விஷயத்தில் நான் இளகவே மாட்டேன். இந்தப் பயிற்சியிடத்தை வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் நம் ஊரிலும் வந்துவிட்டார்கள். ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அந்நாட்டு அரசின் வேலைவாய்ப்பு முகமையின் இணையதளத்தில் காலியிடங்கள் இலவசமாகவே கிடைக்கும். தம்பியே விண்ணப்பிக்கட்டும், நான் கூட இருக்கிறேன்.

முதலில் ஜெர்மனின் தொடக்க நிலையான ஏ1 வகுப்பில் மூன்று மாதம் விடுங்கள். மொழி பிடிக்கவில்லை என்று அவன் சொன்னால் அதோடு நிறுத்திவிடுவோம், வற்புறுத்தக் கூடாது. கோவையிலேயே அவன் கைக்கு வேலை இருக்கிறது.

அதுவரை வீட்டுப் பத்திரம் லாக்கரிலேயே இருக்கட்டும். அடுத்த முறை பெரிய மாமாவையும் கூட்டி வாருங்கள். நோட்டீஸை நடுவில் வைத்துக்கொண்டு, தம்பி எதிரிலேயே பேசலாம்.