விற்பனைக்கு வைத்திருக்கும் டொமைன் பெயர்களுக்கு வருகிறவர்களை எந்தப் பக்கத்துக்கு அனுப்புவது நல்லது?

கேட்டிருப்பது இதுதான்: கையில் சில டஜன் டாட் காம் பெயர்கள் இருக்கின்றன, எல்லாமே விற்பனைக்கு. அந்த முகவரிகளுக்கு வருகிறவர்களை விளம்பரம் காட்டும் பார்க்கிங் பக்கத்துக்கு அனுப்புவதா, டொமைன் சந்தைத் தளம் தரும் விற்பனைப் பக்கத்துக்கா, சொந்தமாக அமைத்த பக்கத்துக்கா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலையும் வாங்கும் பொத்தானும் பளிச்சென்று தெரிகிற விற்பனைப் பக்கத்துக்கு அனுப்புங்கள். பெரும்பாலான பெயர்களுக்குச் சந்தைத் தளம் தரும் பக்கமே போதும். பெரிய விலைக்குப் போகும் என்று நீங்கள் உறுதியாக நம்புகிற ஒன்றிரண்டு பெயர்களுக்குச் சொந்தப் பக்கம் வைக்கலாம். விளம்பரப் பார்க்கிங் பக்கம் மட்டும் வேண்டாம்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம், அந்த முகவரிக்கு வருகிறவர் யார் என்பதுதான். பயன்பாட்டில் இல்லாத ஒரு டொமைனின் வருகைக் கணக்கை எடுத்துப் பார்த்தால் பெரும்பகுதி தானியங்கி நிரல்களாகத்தான் இருக்கும். தேடுபொறிகளின் நிரல்கள், ஓட்டை தேடி அலையும் நிரல்கள், பட்டியல் தொகுக்கும் நிரல்கள். இவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுகிற மனிதர்கள் சொற்பம். ஆனால் அந்தச் சொற்பத்தில் ஒருவர் முக்கியமானவர். அவர் புதிதாக ஒரு நிறுவனம் தொடங்க நினைக்கிறார், பெயரையும் முடிவு செய்துவிட்டார், அது கிடைக்குமா என்று பார்ப்பதற்காக உலாவியில் தட்டச்சு செய்கிறார். அல்லது அதே பெயரில், டாட் நெட், டாட் இன் போன்ற வேறு நீட்சியில் ஏற்கெனவே தளம் நடத்துகிறார், டாட் காம் யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வருகிறார். வாங்கும் எண்ணம் அவர் மனதில் தானாகவே பிறந்து, தேடிக்கொண்டு வந்திருக்கிறார். அவருக்கு முன்னால் என்ன பக்கம் திறக்கிறது என்பதில்தான் விற்பனை நடப்பதும் நடக்காததும் இருக்கிறது.

முன்பெல்லாம் பக்கம் சரியில்லை என்றாலும் வேறு வழி இருந்தது. டொமைன் யாருடையது என்று காட்டும் ஹூயிஸ் என்ற பொதுப் பதிவைப் பார்த்தால் உரிமையாளரின் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எல்லாம் கிடைக்கும். 2018 மே மாதம் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தபோது, டொமைன் பெயர் முறையை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு விதிகளை மாற்றியது; பெயர்களைப் பதிந்து தரும் பதிவு நிறுவனங்கள் அந்த விவரங்களைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்தன. 2025 ஜனவரியில் டாட் காம் போன்ற பொது நீட்சிகளுக்கு ஹூயிஸ் முறையே கட்டாயம் இல்லை என்றாகி, ஆர்டாப் என்ற புதிய முறை அதன் இடத்துக்கு வந்துவிட்டது. அதிலும் உரிமையாளர் விவரம் பெரும்பாலும் மறைக்கப்பட்டே இருக்கிறது. ஆகவே இன்றைக்கு உங்களைத் தேடி வருகிறவருக்கு அந்த முகவரியில் திறக்கும் பக்கத்தைவிட நேரான வழி எதுவும் இல்லை. பக்கமே திறக்கவில்லை என்றால் அவர் அடுத்த பெயரை யோசிக்கப் போய்விடுவார்.

இப்போது விளம்பரப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் பெரிய எழுத்தில் நான்கைந்து இணைப்புகள் வரிசையாக நிற்கும். 'இந்த டொமைன் விற்பனைக்கு இருக்கலாம்' என்ற வரி மேல் ஓரத்தில், சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இருக்கும். கைபேசியில் பார்க்கிறவர் கண்ணில் அது படுவதே அபூர்வம். வாங்க வந்தவர் ஒரு விளம்பரத்தைச் சொடுக்கிவிட்டு வெளியேறுகிறார். உங்களுக்குச் சில காசுகள் சேர்கின்றன. வாங்க வந்தவரைக் காசுக்கு விற்றுவிடுகிற ஏற்பாடு இது. அந்தக் காசும் இப்போது வற்றிக்கொண்டிருக்கிறது. பார்க்கிங் வருமானத்தின் முதுகெலும்பாக இருந்தது கூகுள் விளம்பரங்கள்தான். 2025-இல் கூகுள் தன் விளம்பரதாரர்களை பார்க்கிங் பக்கம் காட்டும் டொமைன்களிலிருந்து இயல்பாகவே விலக்கிவைக்கத் தொடங்கியது. வேண்டும் என்று தேர்ந்தெடுப்பவர்களின் விளம்பரம் மட்டுமே அங்கே வரும் என்ற நிலை அப்போது வந்தது.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது சட்டச் சிக்கல். வணிகக் குறியீட்டு உரிமையாளர்கள் ஒரு டொமைனைக் கைப்பற்ற வழக்குத் தொடுக்கும் யூடிஆர்பி நடைமுறை 1999-இல் ஐகானால் கொண்டுவரப்பட்டது. அந்த வழக்குகளில் நடுவர்கள் பார்க்கும் முதல் விஷயங்களில் ஒன்று, அந்த முகவரியில் என்ன காட்டப்பட்டது என்பது. ஆப்பிள் என்ற சொல் வரும் பெயரில் பழத்தைப் பற்றிய இணைப்புகள் இருந்தால் அது சொல்லின் இயல்பான பொருளில் பயன்படுத்தியதாக வாதிடலாம். அதே பக்கத்தில் கைபேசி, கணினி விளம்பரங்கள் வந்துவிட்டால், அந்த நிறுவனத்தின் புகழில் குளிர்காய்கிறீர்கள் என்று ஆகிவிடும். விளம்பரங்களை நான் தேர்வு செய்யவில்லை, பார்க்கிங் நிறுவனத்தின் நிரல் தானாகப் போட்டது என்ற வாதம் அங்கே எடுபடுவதில்லை. பெயர் உங்களுடையது, அதில் தோன்றுவதற்குப் பொறுப்பும் உங்களுடையது என்பதே நடுவர்களின் நிலைப்பாடு. பொதுச்சொல்லாக இருந்து, அதே சமயம் யாரோ ஒருவரின் பிராண்டாகவும் இருக்கிற பெயரை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். அதே காரணத்தால்தான், ஒரு பெயரை அந்தத் துறையில் இருக்கும் ஒரு போட்டி நிறுவனத்தின் தளத்துக்குத் திருப்பிவிட்டு, இன்னொரு நிறுவனம் அந்தப் பெயரை வாங்கும்படி செய்யலாம் என்று சிலர் சொல்லும் யோசனையை நான் வன்மையாக மறுக்கிறேன். எதிராளியின் கையில் ஆதாரத்தை எழுதிக் கொடுப்பதற்குச் சமம் அது.

விளம்பரத்துக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய, பொதுச்சொல் பெயர்கள் சிலவற்றுக்கு நேரடியாகத் தட்டச்சு செய்து வரும் உண்மையான மனிதர்கள் நாள்தோறும் இருப்பார்கள். அப்படிப்பட்ட பெயர் இருந்தால் அதன் வருமானத்தைத் தனியாகக் கணக்குப் போடலாம். சில டஜன் பெயர்கள் வைத்திருப்பவரிடம் அப்படி ஒன்று இருப்பது அரிது.

அடுத்து, பலரும் குழப்பிக்கொள்கிற இடம். ஒரு சந்தையில் பெயரைப் பட்டியலிடுவது வேறு, பெயரை அந்தச் சந்தையின் பக்கத்துக்குத் திருப்புவது வேறு. ஒரே பெயரை ஆஃப்டர்னிக், செடோ என்ற இரண்டு சந்தைத் தளங்களிலும் ஒரே நேரத்தில் பட்டியலிடலாம். இந்த இரண்டுக்கும் பல பதிவு நிறுவனங்களோடு இணைப்பு இருக்கிறது. யாரோ ஒருவர் தன் பதிவு நிறுவனத்தின் தேடல் பெட்டியில் அந்தப் பெயரைத் தேடும்போது, 'கிடைக்கிறது, விலை இவ்வளவு' என்று அங்கேயே காட்டி விற்றுவிடுவார்கள். அந்த விற்பனைக்கு உங்கள் பக்கம் எங்கே திரும்பியிருக்கிறது என்பது பொருட்டே இல்லை. ஆனால் முகவரியைத் தட்டச்சு செய்து வருகிறவருக்குக் காட்டக்கூடிய பக்கம் ஒன்றே ஒன்றுதான். ஆகவே பட்டியல் பல இடங்களில், பக்கம் ஓரிடத்தில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தை எந்தச் சந்தைக்குக் கொடுப்பது என்பதில் கமிஷனும் சேர்ந்துகொள்கிறது. ஆஃப்டர்னிக்கில் நேம்சர்வரை (அந்தப் பெயருக்கு வருகிறவரை எங்கே அனுப்புவது என்று சொல்லும் அமைப்பை) அவர்கள் பக்கம் திருப்பியிருந்தால் 15 சதவீதமும், திருப்பாமல் பட்டியலிட்டு மட்டும் வைத்தால் 25 சதவீதமும் எடுக்கும் முறையை வைத்தார்கள். பத்து சதவீத வித்தியாசம் சாதாரணமானது அல்ல. இந்த விகிதங்கள் அவ்வப்போது மாறும் என்பதால் திருப்புவதற்கு முன் அன்றைய நிலவரத்தை அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் சேர்த்து யோசியுங்கள்: சந்தைகளும் கைமாறும். எளிமையான விற்பனைப் பக்கத்துக்காகப் பலரும் விரும்பிய டான் டாட் காமை 2022-இல் கோடாடி என்ற பெரிய பதிவு நிறுவனம் வாங்கியது. பிறகு அது கோடாடியின் கையில் ஏற்கெனவே இருந்த ஆஃப்டர்னிக்கோடு இணைக்கப்பட்டது. ஆகவே எந்தப் பெயர் எங்கே திரும்பியிருக்கிறது, என்ன விலையில் எங்கெங்கே பட்டியலில் இருக்கிறது என்று உங்கள் பக்கம் ஒரு கணக்கு எப்போதும் இருக்க வேண்டும்.

சந்தைப் பக்கத்தின் பெரிய பலம் நம்பிக்கை. வாங்குகிறவருக்கு உங்களைத் தெரியாது. ஆயிரக்கணக்கில் பணத்தை முன்பின் தெரியாத ஒருவருக்கு அனுப்ப அவர் தயங்குவது நியாயம். பெரிய நிறுவனத்தின் பெயரும் கட்டண முறையும் அங்கே இருந்தால் அந்தத் தயக்கம் குறைகிறது. நள்ளிரவில் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே பணம் கட்டி முடித்துவிடலாம். பலவீனம் என்னவென்றால், விசாரித்தவர் யார் என்பது பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாது. பேச்சுவார்த்தை தரகர் வழியாகத்தான் நடக்கும்.

சொந்தப் பக்கத்தில் இது தலைகீழ். விசாரிக்கிறவரின் மின்னஞ்சல் உங்களுக்கே வருகிறது. அவர் எந்த நிறுவனத்திலிருந்து எழுதுகிறார், என்ன அவசரத்தில் இருக்கிறார் என்பதெல்லாம் தெரிகிறது. பெரிய பெயர்களுக்கு இந்தத் தகவலின் மதிப்பு கமிஷனைவிட அதிகம். கட்டணத்துக்கு, பெயர் கைமாறும் வரை பணத்தைப் பிடித்துவைக்கும், 1999 முதல் இயங்கும் எஸ்க்ரோ டாட் காம் போன்ற மூன்றாம் தரப்பை வைத்துக்கொண்டால் நம்பிக்கைக் குறையும் தீரும். ஆனால் பதில் எழுத நேரமும் பொறுமையும் உள்ளவர்களுக்கே இது சரிப்படும். மூன்று நாள் கழித்துத்தான் மின்னஞ்சல் பார்ப்பேன் என்பவர் சந்தையிலேயே விட்டுவிடுவது நல்லது.

விலையைக் காட்டுவதா, 'உங்கள் விலையைச் சொல்லுங்கள்' என்று படிவம் வைப்பதா? நான் விலையைக் காட்டும் கட்சி. விலை தெரியாத பக்கத்தைப் பார்க்கிறவர் நம்மால் முடியாத தொகையாக இருக்கும் என்று தானே முடிவு செய்துவிட்டுப் போய்விடுகிறார். படிவத்தை நிரப்புகிறவர்களிலும் பலர் பதிவுக் கட்டணத்துக்குச் சற்று மேலே ஒரு தொகையைப் போட்டு நேரத்தை வீணாக்குவார்கள். விலை வைக்கவே முடியாத அபூர்வமான பெயருக்கு மட்டும் படிவம் போதும். அதிலும் பெயர், மின்னஞ்சல், தொகை என்ற மூன்று கட்டங்களுக்கு மேல் வைக்காதீர்கள்.

தொழில்நுட்பத்தில் பலரின் விற்பனை கண்ணுக்குத் தெரியாமல் நழுவுகிற இடம் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு முறை. 2021 ஏப்ரலில் வந்த குரோம் 90 முதல், முன்னொட்டு இல்லாமல் தட்டச்சு செய்த முகவரியை உலாவி முதலில் எச்டிடிபிஎஸ் வழியாகத்தான் திறக்கப் பார்க்கிறது. பல பதிவு நிறுவனங்களின் இலவசத் திருப்பிவிடும் வசதியில் பாதுகாப்புச் சான்றிதழ் இருப்பதில்லை. அப்போது வருகிறவர் பக்கம் திறக்காமல் காத்திருக்கிறார், அல்லது 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்ற எச்சரிக்கையைப் பார்க்கிறார். டாட் ஆப், டாட் டெவ் நீட்சிகளில் நிலைமை இன்னும் கறார். அங்கே சான்றிதழ் இல்லாமல் உலாவி பக்கத்தைத் திறக்கவே திறக்காது. ஆகவே வெறும் திருப்பிவிடுதலைவிட, சான்றிதழையும் சேர்த்துக் கவனிக்கிற சேவையின் நேம்சர்வருக்கு மாற்றுவதே மேல்.

திருப்பிவிடுதல்தான் வேண்டும் என்றால் 302 என்ற தற்காலிக வகையைத் தேர்ந்தெடுங்கள். 301 நிரந்தர வகை. உலாவி அதை நினைவில் வைத்துக்கொள்ளும். நாளை பெயரை வாங்கியவர் தன் தளத்தைத் திறந்தாலும், அவர் கணினி உங்கள் பழைய விற்பனைப் பக்கத்துக்கே போகக்கூடும். அந்தப் பெயரில் மின்னஞ்சல் வைத்திருந்தால், நேம்சர்வரை மாற்றியதும் அது நின்றுவிடும் என்பதையும் கவனியுங்கள். டாட் காமில் நேம்சர்வர் மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர இரண்டு நாள் வரை ஆகலாம். நேற்று மாற்றினேன், இன்னும் பழைய பக்கம் வருகிறதே என்று பதற வேண்டாம்.

விலையை மாற்றினால் எல்லாச் சந்தைகளிலும் அன்றைக்கே மாற்றுங்கள். ஓரிடத்தில் பழைய குறைந்த விலை தங்கிவிட்டால் அந்த விலைக்கே ஒருவர் வாங்கிவிடுவார். அதைக் கொடுக்க நீங்கள் கடமைப்பட்டவர். பேச்சுவார்த்தை முடிவுக்கு வந்த பெயரை மற்றப் பட்டியல்களிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே பெயரை இருவருக்கு விற்ற நிலை வந்துவிடும்.

எல்லாம் அமைத்த பிறகு உங்கள் கணினியில் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். வேறு ஒருவரின் கைபேசியை வாங்கி, வைஃபையை அணைத்துவிட்டு, ஒவ்வொரு பெயரையும் முன்னால் மூன்று டபிள்யூ போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை தட்டச்சு செய்யுங்கள். ஒன்று திறந்து மற்றொன்று திறக்காத பெயர்கள் நிச்சயம் சில அகப்படும். சொந்தப் பக்கம் வைத்திருக்கும் பெயர்களில் படிவத்தை நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள். அந்த மடல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது, எரிதப் (ஸ்பேம்) பெட்டியில் விழுகிறதா என்று பாருங்கள். அப்படி விழுந்தால், அது சரியாகும் வரை அந்தப் பெயரைச் சந்தைப் பக்கத்துக்கே திருப்பிவையுங்கள்.