மார்க்கா பள்ளத்தாக்கும் காங் யாட்சே சிகரமும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் இதுவரை ஏழு முறை நடந்திருக்கிறேன். அதன் தலைமாட்டில் நிற்கும் காங் யாட்சே இரண்டாம் சிகரத்துக்கு (6,250 மீட்டர்) நான்கு முறை போய், இரண்டு முறை உச்சியைத் தொட்டேன், இரண்டு முறை பாதியில் திரும்பினேன். நண்பர்கள் வழியாக வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துப் பதில் எழுதுகிறேன்.

அங்கே இருப்பவர்கள் திபெத்தியர்களா, இந்தியர்களா? "திபெத்திய கிராமங்கள்" என்கிறார்களே?
– ஈரோட்டிலிருந்து ஓர் ஆசிரியை

அவர்கள் லடாக்கிகள். பேசுவது லடாக்கி, அது திபெத்திய மொழிக் குடும்பம். எழுதுவது திபெத்திய எழுத்து, வழிபடுவது திபெத்திய பௌத்த முறை. லடாக், பத்தாம் நூற்றாண்டில் திபெத் அரச மரபிலிருந்து வந்தவர்கள் அமைத்த அரசு. பிறகு பல நூற்றாண்டுகள் தனி நாடாகவே இருந்தது. 1834இல் ஜம்முவை ஆண்ட டோக்ராக்களின் படை நுழைந்த பின்புதான் ஜம்முவோடு சேர்ந்தது, 2019இல் தனி யூனியன் பிரதேசமானது. திபெத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் லே நகரத்துக்கு அருகே சோக்லம்சரில் இருக்கிறார்கள், அவர்கள் வேறு. மார்க்காவில் யாரிடமும் "நீங்கள் திபெத்தியரா" என்று கேட்காதீர்கள்.

மொழியில் ஒரு சின்ன இனிமை உண்டு. அம்மாவுக்கு அங்கேயும் "அமா"தான். மரியாதைக்குக் கடைசியில் "லே" சேர்ப்பார்கள், நாம் "ங்க" சேர்ப்பதுபோல. வீட்டுக்காரப் பெண்மணி அமா-லே, பெரியவர் மேமே-லே, அண்ணன் அச்சோ-லே. வணக்கம், நன்றி, போய்வருகிறேன் எல்லாவற்றுக்கும் ஒரே சொல், "ஜூலே".

அக்கா, எனக்கு மொத்தமே எட்டு நாள்தான் லீவு. சென்னையில் கிளம்பி சென்னை திரும்ப வேண்டும். காங் யாட்சே முடியுமா? பத்து கிலோமீட்டர் ஓடுவேன்.
– மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் தம்பி

முடியாது தம்பி. ஓட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நன்றாக ஓடுகிறவர்கள்தான் வேகமாக ஏறி முதலில் படுக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

கணக்கைப் பார். நீ கடல் மட்டத்தில் தூங்குகிறவன். டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் 3,500 மீட்டரில் இருக்கும் லேயில் இறங்கிவிடுவாய். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 5,500 மீட்டரில் பாதி. உச்சியில் அதற்கும் கீழே. உடம்பு இதற்குப் பழக நாள்கள் வேண்டும், குறுக்கு வழி கிடையாது. 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்கு என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் விதி.

அதை வைத்து நான் போகும் முறை இது. லேயில் மூன்று இரவு. முதல் நாள் முழுக்கப் படுக்கையும் தண்ணீரும்தான், சந்தைக்குக்கூடப் போவதில்லை. நான்காம் நாள் சில்லிங் வழியாக ஸ்கியூ (சுமார் 3,400). பிறகு சாரா, மார்க்கா (3,800), ஹங்கர் (4,000), தாச்சுங்ட்சே என்று ஒவ்வொன்றிலும் ஓர் இரவு. அதன்பின் நிமாலிங் புல்வெளி (4,800), அடுத்த நாள் பேஸ் கேம்ப் (5,100). அங்கே ஒரு நாள் ஓய்வும் கயிற்றுப் பயிற்சியும். பிறகுதான் சம்மிட் இரவு. வானிலை கெட்டால் என்று ஒரு நாள் கையிருப்பு. கடைசியாக 5,200 மீட்டருக்கு மேலே இருக்கும் கோங்மாரு லா கணவாயைத் தாண்டி ஷாங் சும்தோவில் இறங்கி லே. ஆக மொத்தம் 14 நாள், விமானப் பயணம் தனி.

வண்டிச் சாலை ஆண்டுக்கு ஆண்டு பள்ளத்தாக்குக்குள் நீண்டுகொண்டே போகிறது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று நாளை வெட்டி விற்கிற பயணத் திட்டங்களும் வந்துவிட்டன. வெட்டப்படும் அந்த நாள்கள்தான் உன்னை மேலே ஏற்றுகிறவை. கிராமம் கிராமமாக நடப்பதைச் சிகரத்துக்குப் போகும் வழி என்று நினைக்காதே. ஏற்றமே அங்கேதான் நடக்கிறது, உன் ரத்தத்துக்குள்ளே.

எட்டு நாள்தான் என்றால் லேயில் மூன்று நாள் இருந்துவிட்டு, லிகிரிலிருந்து தெமிஸ்கம் வரை ஷாம் பள்ளத்தாக்கில் நடந்துவிட்டு வா. உயரம் குறைவு, கிராமங்கள் அழகு. காங் யாட்சேவுக்கு அடுத்த ஆண்டு லீவு சேர்த்துக்கொள்.

டயமாக்ஸ் போட்டால் போதுமா?
– தஞ்சாவூரிலிருந்து ஒருவர்

அசெட்டசோலமைட் என்ற மருந்தின் வணிகப் பெயர் அது. உடம்பு உயரத்துக்குப் பழகுவதை வேகப்படுத்தும், பழகுவதற்கு மாற்று ஆகாது. தடுப்புக்குப் பொதுவாக 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவார்கள். விரல் நுனி மரத்ததுபோல் குறுகுறுக்கும், சிறுநீர் அதிகம் போகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

தலைவலியோடு குமட்டல், சோர்வு இருந்தால் மேலே ஏறக் கூடாது. ஓய்விலும் மூச்சு வாங்குகிறது, இருமலில் நுரை வருகிறது, நேர்கோட்டில் நடக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது – இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த நிமிடமே இறங்க வேண்டும். நள்ளிரவு ஆனாலும் சரி. விடியட்டும் என்று காத்திருந்துதான் உயிர்கள் போகின்றன.

பனியில் நடந்ததே இல்லை. காங் யாட்சே எவ்வளவு கஷ்டம்?
– கோவையிலிருந்து ஒரு தம்பதி

காங் யாட்சேவில் இரண்டு உச்சிகள். முதலாவது 6,400 மீட்டர் அளவு, கத்தி முனைபோன்ற முகடு, தேர்ந்த மலையேறிகளுக்கு மட்டும். நாம் பேசுவது இரண்டாவதை. அதையும் "ட்ரெக்கிங் சிகரம்" என்ற பெயரை வைத்து எடைபோடாதீர்கள்.

இரவு பதினொன்று, பன்னிரண்டுக்குக் கிளம்புவோம். முதல் இரண்டு மணி நேரம் பனியே இருக்காது, உருளும் கற்குவியல். வைத்த கால் அரை அடி வழுக்கும். பிறகு பனிச்சரிவு தொடங்கும் இடத்தில் உட்கார்ந்து காலணிக்கு அடியில் இரும்புப் பற்கள் கொண்ட கிராம்பான் மாட்டுவோம். அங்கிருந்து எல்லோரும் ஒரே கயிற்றில். சரிவு போகப் போகச் செங்குத்தாகும், சில இடங்களில் 45 பாகை வரும். கிராம்பானின் பற்கள் இறுகிய பனியில் இறங்கும்போது கரும்பு கடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். அந்த இருட்டில் முன்னால் போகிறவரின் காலணிக் குதியும், ஹெட்லைட் விழும் ஒரு முழ வெள்ளையும்தான் கண்ணுக்குத் தெரியும். இரண்டு அடி, நின்று மூன்று மூச்சு, மறுபடி இரண்டு அடி. இப்படியே ஏழெட்டு மணி நேரம். ஆகஸ்டிலும் விடியலுக்கு முன் மைனஸ் 10, மைனஸ் 15 வரை போகும், காற்று தனி.

காலை எட்டரை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்பது என் குழுவின் சட்டம். வெயில் ஏறினால் பனி இளகும், இறங்குவது ஆபத்தாகும். உச்சி நூறு மீட்டரில் தெரிந்தாலும் இதே சட்டம்தான்.

நீங்கள் இருவரும் முதலில் மார்க்கா நடையை மட்டும் முடித்து, கோங்மாரு லாவில் உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அல்லது மணாலி, உத்தரகாசி மலையேற்றப் பள்ளிகளில் அடிப்படைப் பயிற்சி எடுத்துக்கொண்டு வாருங்கள். கோவையில் இருக்கிறீர்கள், பயிற்சிக்கு மலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. முதுகில் எட்டு கிலோவோடு ஒரு நாள் முழுக்க மலை ஏறி இறங்கி, மறுநாளும் வழக்கம்போல் நடக்க முடிந்தால் கால்கள் தயார். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் போகும், அதற்கும் பயிற்சி வேண்டும்.

ஸ்டோக் காங்ரி போகலாமா?

லே அருகே இருக்கும் அந்தச் சிகரத்தை 2020 முதல் மூடியிருக்கிறார்கள். அதன் பனியாற்றுத் தண்ணீரை நம்பித்தான் கீழே ஸ்டோக் கிராமம் இருக்கிறது, மேலே கூட்டம் சேர்ந்து அதை அழுக்காக்கியது. மூடியது சரியான முடிவு. ஆனால் அந்தக் கூட்டம் இப்போது காங் யாட்சேவுக்கு வருகிறது. தயவுசெய்து கொண்டுபோன குப்பையை முழுதாகத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

நாங்கள் சைவம். சாப்பாடு கிடைக்குமா? வீடுகளில் தங்கலாமா?
– மயிலாடுதுறையிலிருந்து ஓர் அம்மா

தாராளமாகக் கிடைக்கும் அம்மா. ஹங்கர் வரை எல்லா ஊர்களிலும் வீடுகளில் தங்கலாம். இது பனிச்சிறுத்தைகள் வாழும் ஹெமிஸ் தேசியப் பூங்காவின் பகுதி. முன்பு ஆட்டுக்கொட்டிலில் புகும் சிறுத்தைமேல் ஊர்க்காரர்களுக்குக் கோபம் இருந்தது. 2000களின் தொடக்கத்தில் வீட்டுத் தங்கல் முறை வந்தபின், சிறுத்தை இருப்பதால் விருந்தினர் வருகிறார்கள், வருமானம் வருகிறது என்று ஆனது. அதனால் கூடாரத்தைவிட வீட்டில் தங்குவதையே நான் சொல்வேன்.

ஒரு மாலை, மார்க்காவில் அமா-லே ஸ்க்யூ என்ற உணவைச் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கோதுமை மாவைப் பிசைந்து விரல் பருமனுக்கு உருட்டுகிறார். ஒரு கிள்ளு கிள்ளி உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து, சோழிபோலக் குழிந்து வருகிறது. உருளைக்கிழங்கு, கீரை, பட்டாணியோடு கொதிக்கும் சாற்றில் அப்படியே போடுகிறார். நான் செய்தவை தடிமனாக இருந்தன, ஒவ்வொன்றையும் எடுத்து இன்னொரு அழுத்து அழுத்திவிட்டுப் போட்டார். பின்னால் அலமாரி முழுக்கத் தேய்த்துப் பளபளக்கும் செம்பு, பித்தளைப் பாத்திரங்கள், அடுப்பில் சாண வறட்டி.

வறுத்த பார்லி மாவு (சம்பா) நம் சத்துமாவுபோல மணக்கும். வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீரைத் தேநீர் என்று நினைக்காமல் ரசம்போல நினைத்துக் குடியுங்கள், பிடித்துவிடும். சில கூழ்களில் உலர்ந்த இறைச்சி சேர்ப்பதுண்டு, முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அக்கா, கழிப்பறை எப்படி? மாதவிடாய் நாளில் ஏறலாமா? யாரிடமும் கேட்க முடியவில்லை.
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

கேட்டதற்கு நன்றிம்மா. வீடுகளில் இருப்பது உலர் கழிப்பறை. மேல்தளத்தில் மண்தரையில் ஒரு துவாரம், பக்கத்தில் மண்ணும் ஒரு மண்வாரியும். போனபின் மண்ணைத் தள்ள வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. அது மக்கி வயலுக்கு உரமாகிறது. அதனால் நாப்கினை அதில் ஒருபோதும் போடாதே. கெட்டியான ஜிப் பையில் போட்டு, லே வரை கொண்டுவா.

மாதவிடாய் நாளில் ஏறுவதற்குத் தடை எதுவும் இல்லை. உயரத்தில் நாள் முன்பின்னாவது சகஜம், கணக்கு தவறினால் பயப்படாதே. தள்ளிப்போட மாத்திரை எடுக்க நினைத்தால் மட்டும் மருத்துவரிடம் "உயரமான மலைக்குப் போகிறேன்" என்று சொல்லிக் கேள். ரத்த உறைவு ஆபத்தை அவர் பார்க்க வேண்டும். ரத்தசோகை இருக்கிறதா என்று ஹீமோகுளோபினையும் இப்போதே பார்த்துவிடு, நம் பெண்களில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

போன் வேலை செய்யுமா?

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் அதுவும் கிடையாது. அனுமதியில்லாத சாட்டிலைட் போன் இந்தியாவில் குற்றம், வெளிநாட்டிலிருந்து யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

குழந்தைகளுக்கு மிட்டாய், பேனா கொண்டுபோகலாமா?
– புதுச்சேரியிலிருந்து ஒருவர்

வேண்டாம். கை நீட்டப் பழக்கிவிடுகிறோம். கொடுக்க விரும்பினால் தங்கும் வீட்டில் வெளிப்படையாகக் கொடுங்கள், அல்லது சில்லிங்கில் செம்புக் கரண்டி ஒன்று விலைக்கு வாங்குங்கள். பல தலைமுறையாக உலோக வேலை செய்யும் ஊர் அது. வழியில் மந்திரம் செதுக்கிய கற்களால் ஆன மணிச்சுவர்களும், சோர்ட்டன் என்னும் பௌத்த ஸ்தூபிகளும் வரும். அவை வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடங்கள், நாம் கோயிலை வலம் வருவதுபோலத்தான். அந்தக் கற்களில் ஒன்றைக்கூட எடுத்துவராதீர்கள்.

இரண்டு முறை திரும்பினேன் என்கிறீர்கள். ஏன்?
– மதுரையிலிருந்து ஒருவர்

முதல் முறை காற்று. இன்னொரு முறை என் தோழி.

பேஸ் கேம்ப்பில் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகப் பேசினாள். கிராம்பான் மாட்டும் இடத்தில் பட்டையைத் தவறான வளையத்தில் கோர்த்தாள். அவிழ்த்துக் கொடுத்தேன், மறுபடி அதே வளையம். மூன்றாம் முறையும் அதே. குளிரில் விரல் மரத்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். எழுந்து சமதளத்தில் குதியும் விரலும் தொடும்படி பத்து அடி நடக்கச் சொன்னேன். நான்காவது அடியில் சாய்ந்தாள். "எனக்கு ஒன்றுமில்லை, நீ போ" என்றாள், தெளிவான குரலில். நானும் வழிகாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவளை நடுவில் கட்டிக்கொண்டு அப்போதே இறங்கினோம். பேஸ் கேம்ப்பில் நிற்காமல் தாச்சுங்ட்சே வரை, பிறகு ஹங்கர். நடக்க நடக்க அவள் கால் நேரானது. ஹங்கரில் அமா-லே கொடுத்த சூடான தண்ணீரைக் குடித்துவிட்டு, "நான் எப்போது கிராம்பானைக் கழற்றினேன்?" என்று கேட்டாள். அவள் அதை மாட்டவே இல்லை.

எந்த மாதத்துக்கு முன்பதிவு செய்யலாம்?
– சேலத்திலிருந்து ஒருவர்

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. பருவமழைக்கு மலைகள் மறைப்பு என்பதால் மற்ற இடங்கள் நனையும்போது இங்கே பெரும்பாலும் வறட்சி. ஆனாலும் 2010 ஆகஸ்டில் லேயில் மேகவெடிப்பு நடந்தது, வானத்தை முழுதாக நம்ப வேண்டாம். ஆற்றை எப்போதும் காலையில் கடந்துவிடுங்கள், மதியத்துக்குமேல் பனி உருகி நீர் இடுப்புக்கு ஏறும். சிகரத்துக்கான அனுமதியை உங்கள் குழு உண்மையிலேயே வாங்கியிருக்கிறதா என்று தாளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முதல்முறை என்றால் ஆகஸ்ட் கடைசி வாரம் பாருங்கள், அப்போது பார்லி அறுவடையும் தொடங்கியிருக்கும்.