அந்த ‘அரை’

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதிதாக ஒரு மொழி கற்கிறேன். பாட ஒலிப்பதிவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அலுவலக மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதிக்கொண்டே கேட்பேன். எல்லாம் காதில் விழுகிறது, ஆனால் நடுநடுவே ஒரு சொல் மட்டும் காணாமல் போகிறது. வயது 45. வேகத்தைக் குறைக்கவா, காதைப் பரிசோதிக்கவா?

ம.

அன்புள்ள ம.,

சந்தேகமிருந்தால் காதைப் பரிசோதித்துவிடுங்கள். வயதை விடுங்கள். ‘எல்லாம் காதில் விழுகிறது’ என்கிறீர்களே, அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

காதில் விழுவதும் கேட்பதும் ஒன்றல்ல. 1953இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் காலின் செரி, ஒரு காதில் வரும் பேச்சை உடனுக்குடன் திருப்பிச் சொல்லும்படி சிலரைக் கேட்டார். மறு காதில் ஓடிய ஆங்கிலம் நடுவில் ஜெர்மனாக மாறியதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. 1992இல் உளவியலாளர் ஜேன் ரேமண்டும் சகாக்களும் நொடிக்குப் பத்து எழுத்துகள் போல வேகமாகக் காட்டிப் பார்த்தார்கள். ஒன்றைப் பிடித்த மனம், அடுத்த அரை நொடிக்குள் வந்த இன்னொன்றைக் கோட்டைவிட்டது. ஒலியிலும் இது நடக்கிறது என்று பின்னால் தெரிந்தது. பிடித்த சொல்லை உள்ளே கொண்டுபோய் வைப்பதற்குள் அடுத்த சொல் வாசலைக் கடந்துவிடுகிறது. அந்த நேரத்தில் மின்னஞ்சலுக்கு வாக்கியமும் யோசித்தால்? தாளில் உள்ள எழுத்து என்றால் கண் திரும்பிப் போய்ப் படித்துக்கொள்ளும். ஒலி நமக்காக நிற்காது, ம. நிற்கவே நிற்காது.

ஒருமுறை என் அப்பாவின் மாத்திரை அளவை மருத்துவர் மாற்றியிருந்தார். அம்மா மருத்துவமனையிலிருந்தே சீட்டைப் பார்த்துத் தொலைபேசியில் படித்தார். “காலைல ஒண்ணு, மத்தியானம் அரை, ராத்திரி ஒண்ணு.” நான் ஏதோ கடிதத்தைத் தட்டச்சு செய்தபடி “ம்... ம்...” கொட்டிக்கொண்டிருந்தேன். ‘மத்தியானம்’ கேட்டது. ‘அரை’ கேட்கவில்லை. கால் நொடிச் சொல். அப்பாவுக்கு முழு மாத்திரை கொடுத்தேன். சாயங்காலம் அவர் சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, “ஒண்ணுமில்லப்பா” என்றார்.

இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிறேன் என்று பெருமையாக எழுதாதீர்கள். கோபம் வருகிறது. நீங்கள் ஒன்றைச் செய்கிறீர்கள், இன்னொன்றை ஓடவிட்டிருக்கிறீர்கள். அஞ்சலை மூடிவிட்டுப் பத்து நிமிடம் பாடம் கேளுங்கள், வேகத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

இப்போது அம்மா அழைத்தால் கணினியை மூடிவிட்டு எழுந்து நிற்கிறேன். அவர் ஒரு வரி சொல்லிவிட்டுக் காத்திருப்பார். நான் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த வரிக்குப் போகிறார்.