தாலிக்கு முன்னால் தேதி பாருங்கள்: வெளிநாட்டு வரன், பாஸ், பதிவு – கேள்வி பதில்

மலேசியாவின் ஜொகூரில் ரெங்கம், லயாங் லயாங், சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. கோயிலில் திருமணத் துணைப் பதிவாளராக இருப்பதால் இந்த விஷயமாக என்னைத் தேடி வருகிறவர்கள் அதிகம். கேட்டவர்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

என் மகன் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறான். புதுக்கோட்டைப் பக்கம் பெண் பார்த்து முடிவாகிவிட்டது. பெண்ணைச் சுற்றுலாவில் வரவழைத்து இங்கே கோயிலில் தாலி கட்டிவிடலாமா? அப்படியே இங்கேயே தங்கிக்கொள்ளட்டுமே.

அம்மா, தாலி கட்டலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது கல்யாணம் ஆகாது. 1982 மார்ச் 1-இலிருந்து, இஸ்லாம் அல்லாதவர்களின் திருமணம் பதிவு ஆனால்தான் திருமணம். நீங்கள் கட்டிக்கொண்ட காலத்துப் பெரியவர்கள் சிலர் பதிவில்லாமலே வாழ்ந்திருப்பார்கள். அதை இப்போது உதாரணமாக எடுக்காதீர்கள்.

இங்கேயே பதிவது என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமல் 30 நாள் தருகிறார்கள். பதிவுக்கு மனு கொடுக்கும் முன் அந்த மாவட்டத்தில் 7 நாள் தங்கியிருக்க வேண்டும். மனு கொடுத்த பிறகு அறிவிப்பு 21 நாள் தொங்க வேண்டும். இதிலேயே 28 நாள் போய்விட்டது. இடையில் ஒரு பொது விடுமுறை, தூதரகக் கடிதத்தில் ஓர் எழுத்துப் பிழை வந்தால் போதும், தங்குவதற்குத் தந்த அனுமதி, அதாவது பாஸ், முடிந்துவிடும். 21 நாளைத் தள்ளுபடி செய்ய மாநில முதல்வரான மந்திரி பெசாரின் சிறப்பு உரிமம் என்று ஒரு வழி சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பி மண்டபம் புக் பண்ணாதீர்கள்.

என் யோசனை, கல்யாணத்தைப் புதுக்கோட்டையிலேயே வையுங்கள். மகன் கிளம்பும் முன் பதிவு இலாகாவில் தனக்குத் திருமணம் ஆகவில்லை என்று பதிவேட்டைத் தேடி உறுதிக் கடிதம் வாங்கி, வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவில் முத்திரை போட்டுக்கொள்ளட்டும். தாலி கட்டியதும் அங்குள்ள சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். பிறகு சென்னையில் இருக்கும் மலேசியத் தூதரக அலுவலகத்தில் அதே திருமணத்தை மலேசியப் பதிவேட்டில் ஏற்றுங்கள். இதற்குக் கெடு 6 மாதம். தவறினால் தாமதப் பதிவு, விளக்கக் கடிதம், புத்ராஜெயாவுக்கு அலைச்சல்.

பெயரை இப்போதே ஒத்துப் பாருங்கள். நம்முடைய அடையாள அட்டையான ஐசியில் 'அனாக் லெலாக்கி' (மகன்) என்று போட்டுத் தகப்பன் பெயர் இருக்கும். அங்கே சான்றிதழ் எழுதுகிறவர் அதை எடுத்துவிட்டு முதலெழுத்து மட்டும் வைப்பார். பெண்ணின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று, பாஸ்போர்ட்டை விரித்து வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். திருத்தம் அங்கே அரை நாள் வேலை. இங்கே வந்த பிறகு என்றால் திரும்ப விமானம் ஏற வேண்டும்.

அதற்கப்புறம்தான் மருமகளுக்குப் பாஸ் எடுக்க ஜொகூர் பாரு செத்தியா திரோப்பிக்காவில் குடிநுழைவு இலாகா. கணவன் மனைவி இரண்டு பேரும் நேரில் போக வேண்டும். மகனின் சம்பளச் சீட்டு, கல்யாணப் படங்கள், முத்திரை வரி கட்டிய பிணைப் பத்திரம் எல்லாம் கேட்பார்கள். முதல் பாஸ் பெரும்பாலும் குறுகிய காலத்துக்குத்தான் கிடைக்கும். போகப் போக 5 ஆண்டு வரை நீட்டித் தருவார்கள். மருமகள் வேலைக்குப் போக வேண்டுமென்றால் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் மளிகைக்கடையில்கூட நிறுத்தாதீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் கோயிலில் கட்டிக்கொண்டோம், பதிவு செய்யவில்லை. மனைவி தமிழ்நாடு. வந்த பாஸ் அப்போதே முடிந்துவிட்டது. இப்போது 5 மாதக் கர்ப்பம். குழந்தை பிறந்தால் என் பெயரில் சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்) எடுக்கலாம்தானே?

தம்பி, இந்தக் கேள்வியை நீங்கள் இப்போதே கேட்டது நல்லது.

உங்கள் பெயர் பத்திரத்தில் ஏறலாம். ஆனால் குடியுரிமைக் கட்டத்தில் குழந்தை மலேசியக் குடிமகன் அல்ல என்று எழுதுவார்கள். பதிவில்லாத திருமணத்தில் பிறக்கிற பிள்ளைக்கு அரசியலமைப்பு தகப்பனைப் பார்ப்பதில்லை, தாயைத்தான் பார்க்கிறது. தாய் வெளிநாட்டுக்காரர் என்றால் பிள்ளையும் அப்படித்தான். நீங்கள் நீல ஐசி வைத்திருக்கிற குடிமகன், உங்கள் தாத்தா இதே மண்ணில் பால் மரம் வெட்டியவர் என்பதெல்லாம் அந்தக் கட்டத்தை மாற்றாது. பிள்ளை பிறந்த பிறகு பதிந்துகொண்டால் சரியாகிவிடும் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் யாராவது சொல்வார்கள். அப்படி வெளிநாட்டில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2021-இல் 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில் பிள்ளைக்குப் பாதகமாகத் தீர்ப்பு வந்தது. பிறந்த நேரத்தில் திருமணம் இருந்ததா என்பதுதான் கேள்வியாக நின்றது.

ஆகவே பிரசவத்துக்கு முன் பதிவு. பாஸ் முடிந்தவருக்கு இங்கே பதிவு இலாகா செய்து தராது. மிஞ்சியிருப்பது ஒரு வழிதான். மனைவி ஒழுங்கான முறையில் ஊருக்குப் போக வேண்டும், நீங்களும் கூடப் போக வேண்டும், அங்கே பதிந்து, சென்னையில் மலேசியப் பதிவும் முடித்து, பிறகு பிரசவம். நீங்கள் மலேசியாவில் பிறந்த குடிமகன் என்றால், சட்டப்படியான திருமணத்தில் இந்தியாவில் பிறக்கிற உங்கள் பிள்ளை சட்டத்தின்படியே மலேசியக் குடிமகன். பிறந்ததும் சென்னைத் தூதரகத்தில் பிறப்பையும் பதியுங்கள். ஒரு வருடம் தாண்ட விடாதீர்கள்.

போகும் வழியில் கவனம் வேண்டும். பாஸ் தாண்டித் தங்கியதற்குச் சட்டத்தில் 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ இருக்கிறது. ஆனால் தானாக முன்வந்து ஊர் திரும்புகிறவர்களுக்கு அரசாங்கம் திட்டம் திறக்கிறது. 2024 மார்ச்சில் ஒன்று, 2025 மே மாதம் இரண்டாவது. அவற்றில் இந்தக் குற்றத்துக்கு 500 வெள்ளி கொம்பவுண்ட் (சமரச அபராதம்) கட்டிவிட்டுப் போகலாம் என்று வைத்தார்கள். இப்போது எது நடப்பில் இருக்கிறது என்று குடிநுழைவு இலாகாவிடமே விசாரியுங்கள். ஏஜெண்டிடம் விசாரிக்காதீர்கள். முத்திரை அடித்துத் தருகிறேன் என்று ஏஜெண்டு கேட்கிற பணம் கொம்பவுண்டைவிடப் பல மடங்கு. அந்த முத்திரை போலியாக இருந்தால் உங்கள் மனைவி மேல் இன்னொரு வழக்கும் விழும். அவர் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறவும் வாய்ப்பு உண்டு. அதனால் கிளம்புவதற்கு முன்பே ஜொகூர் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் ஒருவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். பாஸ் இல்லாதவரை வீட்டில் வைத்திருப்பதற்கு உங்கள் மேலும் குற்றம் சாட்ட முடியும். அதனால் அதிகாரி வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்காதீர்கள்.

விமானக் கம்பெனிகள் ஏழு மாதத்துக்கு மேல் டாக்டர் கடிதம் கேட்கும், கடைசி மாதத்தில் ஏற்றாது. உங்களுக்கு இருக்கிற அவகாசம் அவ்வளவுதான். இந்த வாரமே ஆரம்பியுங்கள்.

எங்கள் தோட்டத்தில் பெர்மிட்டில் வேலை செய்கிற ராமநாதபுரத்துக்காரரை விரும்புகிறேன். நான் நீல ஐசி. இங்கேயே பதிய முடியுமா?

முடியாது தங்கச்சி. வேலை பெர்மிட்டில் வந்தவர் அந்தக் காலத்தில் மலேசியாவில் திருமணம் செய்யக்கூடாது என்பது பெர்மிட்டின் நிபந்தனை. மீறினால் பெர்மிட் போகும், அவரைத் திருப்பி அனுப்புவார்கள். அவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு முறையாக ஊர் போகட்டும். நீங்கள் அங்கே போய்க் கட்டி, சென்னையில் பதிந்து, கணவராக அழைத்து வாருங்கள். காதலிக்கிறவர்களுக்கு இந்தக் காத்திருப்பு கஷ்டம்தான். ஆனால் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவர்கள் அதைவிட அதிக காலம் பிரிந்து இருப்பதைப் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். மலேசிய ஆணை மணந்த வெளிநாட்டுப் பெண், தேவையான காலம் இங்கே வசித்தால், அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவின்படி குடியுரிமைக்கு மனு போடலாம். மலேசியப் பெண்ணை மணந்த ஆணுக்கு அந்தப் பிரிவு இல்லை. மனைவி வழியில் பாஸ், 5 ஆண்டு கழித்து நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசிக்கு மனு, அவ்வளவுதான். இது நியாயமில்லை என்பதே என் கருத்து. பிள்ளை விஷயத்தில் உங்களுக்குப் பலம் இருக்கிறது: இந்த நாட்டில் பெற்றால், தாய் குடிமகள் என்பதால் பிள்ளை குடிமகன். வெளிநாட்டில் பெற்றால்தான் இத்தனை காலம் தாய்மார்களுக்குத் தலைவலி. அதை மாற்றும் திருத்தம் 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறியது. இருந்தாலும் பிரசவத்தை குளுவாங் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

சிங்கப்பூர் தொழிற்சாலையில் ஒர்க் பெர்மிட். மாப்பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகன். கல்யாணத்தை ரெங்கத்தில் வைத்தால் அங்கே யாருக்கும் தெரியாதுதானே?

தெரியும். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர், இருந்தவரும்கூட, சிங்கப்பூர்க் குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ எந்த நாட்டில் மணந்தாலும் சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். வாங்காமல் கட்டினால் அங்கே நுழையவே தடை வரலாம். அனுமதியோடு சேர்த்து, திருமணத்துக்கு முந்தைய நீண்டகால வருகை அட்டை மதிப்பீட்டுக்கும் போடுங்கள். அங்கே குடியிருக்க வாய்ப்பு எப்படி என்று கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துவிடும்.

மாப்பிள்ளை இலங்கை. யுஎன் அகதி அட்டை மட்டும்தான் வைத்திருக்கிறார்.

மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அந்த அட்டை பாஸ் ஆகாது, பதிவு இலாகாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்காக அவரை நீங்களாக இலங்கைத் தூதரகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். அது அவருடைய அகதி மனுவைப் பாதிக்கக்கூடும். முதலில் யுஎன் அகதிகள் அலுவலகத்தில் கேட்கட்டும். பதிவு இல்லாவிட்டாலும் இங்கே பிறக்கும் பிள்ளை உங்கள் குடியுரிமையைப் பெறும், அந்தப் பயம் வேண்டாம்.

எனக்கு வயது 19. இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தேன், ஐசி இல்லை. தமிழ்நாட்டு மாப்பிள்ளை கட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார்.

பாஸ்போர்ட் இல்லாமல் எப்படிப் போவீர்கள் அம்மா? வேறு யாராவது வழி காட்டுகிறேன் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். 21 வயதுக்குள் அரசியலமைப்பின் 15A பிரிவில் குடியுரிமைக்கு மனு போட இடமிருக்கிறது. 2024 திருத்தம் அந்த வயதை 18 ஆக்குகிறது, அது நடப்புக்கு வந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள். ஆகவே நாள் கடத்தாமல் பதிவு இலாகாவுக்குப் போங்கள். தாயாரின் ஐசி, தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டு, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவு, தடுப்பூசி அட்டை, தோட்டத்துக் கணக்கரான கிராணியின் பழைய பெயர்ப் பட்டியல் எது கிடைத்தாலும் சேருங்கள். நாடற்றவர்களின் மனுக்களைப் பார்க்கிற டிஎச்ஆர்ஆர்ஏ அமைப்பும் உதவும். மாப்பிள்ளை உண்மையானவர் என்றால் காத்திருப்பார்.

நான் சேலத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பாஸ் அடுத்த மாதம் முடிகிறது. சண்டை வந்தால் கணவர் 'புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வரமாட்டேன்' என்கிறார். பாஸ்போர்ட்டையும் அவர்தான் வைத்திருக்கிறார்.

அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இந்த நாட்டில் குற்றம். கணவருக்கும் இது பொருந்தும். போலீஸில் ரிப்போர்ட் செய்து பிரதி வாங்குங்கள். அடி உதை இருந்தால் அதையும் சொல்லுங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டு எடுங்கள். அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். பாஸ் முடிவதற்கு முன்பே, ரிப்போர்ட் பிரதியோடும் திருமணச் சான்றிதழோடும் நீங்களே குடிநுழைவு இலாகாவுக்குப் போய் நிலைமையைச் சொல்லுங்கள். முடிந்த பிறகு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். இந்தியத் தூதரகத்துக்கும் தெரிவியுங்கள். வியாழக்கிழமை சாயங்காலம் நான் கோயில் அலுவலகத்தில் இருப்பேன், காகிதங்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். தனியாக வர முடியாவிட்டால் என் மனைவி வந்து அழைத்து வருவார்.