வாசகர் கேள்வி: இங்கிலீஷ் ஹோம்வொர்க்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் கிரேடு படிக்கிறாள். வீட்டில் மொரிஷியஸ் பேச்சுமொழியான கிரியோல், பாட்டியோடு மட்டும் தமிழ். லெசோனுக்கு (தனி டியூஷன்) அனுப்பியும் இங்கிலீஷ் கட்டுரை நோட்டு முழுக்கச் சிவப்பு மைதான். எஸ்.சி. (ஸ்கூல் சர்டிஃபிகேட்) பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான், எப்படி உதவ முடியும்? ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, ரோஸ் ஹில்

பதில்: அம்மா, அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். பதினொரு தப்பு இருக்கிறது, அதில் எட்டு இரண்டே வகை. பயப்படாதீர்கள்.

'மை ஃபாதர் வொர்க் இன் போர்ட் லூயி' என்று எழுதியிருக்கிறாள். 'வொர்க்ஸ்' என்று வர வேண்டும். கிரியோலில் மோ மான்ஸே, தோ மான்ஸே, லி மான்ஸே என்று யார் சாப்பிட்டாலும் வினை அப்படியே நிற்கும், அந்தப் பழக்கம்தான் இங்கிலீஷிலும் வருகிறது. ஆனால் அவளே பாட்டியிடம் பேசும்போது 'நான் சாப்பிடுகிறேன், அவள் சாப்பிடுகிறாள்' என்று தானாக மாற்றிச் சொல்கிறாள் இல்லையா, அதை ஞாபகப்படுத்துங்கள். தமிழில் ஆளுக்கு ஆள் வால் மாறும், இங்கிலீஷில் நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட் வருகிற இடத்தில் மட்டும் 'ஸ்' ஒட்டும். கட்டுரையை முடித்ததும் பென்சிலால் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யார்' என்பதை வட்டம் போடச் சொல்லுங்கள், பத்து நிமிஷ வேலை.

இன்னொன்று, 'வீ லிவ் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்'. கிரியோலில் 2019 முதல் என்றாலும் மூன்று வருஷமாக என்றாலும் ஒரே 'தெபி'தான். தமிழில் இரண்டும் வேறு: 'முதல்' வருகிற இடத்தில் சின்ஸ், 'ஆக' வருகிற இடத்தில் ஃபார். பாட்டியிடம் எப்படிச் சொல்வாள் என்று கேட்டாலே சரியான சொல் வந்துவிடும். ஒரு இடத்தில் மட்டும் தமிழும் கைகொடுக்காது, நாமும் 'இருக்கிறோம்' என்றுதான் சொல்கிறோம், இங்கிலீஷுக்கு 'ஹேவ் லிவ்ட்' வேண்டும். அதைத் தனியாகப் பழக்க வேண்டியதுதான்.

தயவுசெய்து நீங்களோ லெசோன் டீச்சரோ வாக்கியத்தைத் திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டாம். எந்த வரியில் தப்பு என்று மட்டும் காட்டுங்கள், அவளே கண்டுபிடிக்கட்டும்.

கேள்வி: கடையில் புத்தகம் வாங்கியதை 'லைப்ரரியில் வாங்கினேன்' என்று மகன் எழுதினான், டீச்சர் அந்தச் சொல்லைத் தப்பு என்று கோடு போட்டுவிட்டார். ஏன்?
– வாசகர், த்ரியோலே

பதில்: அவன் மனதில் பிரெஞ்சுச் சொல் இருந்திருக்கும். பிரெஞ்சில் லிப்ரெரி என்றால் புத்தகக் கடை, இங்கிலீஷில் லைப்ரரி என்றால் நூலகம். 'ஆக்சுவலி'யும் அப்படித்தான், இங்கிலீஷில் 'உண்மையில்', பிரெஞ்சு ஆக்ச்சுயெல்மானுக்கு 'இப்போது'. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படிப்பட்ட ஜோடிகளைச் சேர்த்து வரச் சொல்லுங்கள்.

கேள்வி: சிமிலி, மெட்டஃபர் இரண்டும் எனக்குக் குழம்புகிறது. தமிழும் பாடமாக எடுத்திருக்கிறேன்.
– பதினோராம் கிரேடு மாணவன், கத்ர் போர்ன்

பதில்: தம்பி, அப்படியானால் உனக்கு இது ஏற்கனவே தெரியும். மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், அது உவமை. முகமலர் என்றால் முகமே மலர், அது உருவகம். சிமிலியில் பெரும்பாலும் 'லைக்', 'ஆஸ்' என்று 'போல' வெளியே தெரியும், மெட்டஃபரில் ஒன்று இன்னொன்றாகவே ஆகிவிடும்.

ஆனால் பெயரைக் கண்டுபிடிப்பதோடு பதிலை நிறுத்திவிடாதே, பாதிப் பேர் அங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள். கவிஞர் கடலைக் கட்டிப்போட்ட நாய் என்கிறார் என்று வைத்துக்கொள். 'இது மெட்டஃபர்' என்று எழுதுவது ஒரு வரி. அப்புறம் நாயிடம் எந்தக் குணத்தை எடுத்தார் என்று யோசி. பாய்ந்து வருகிறது, சங்கிலி எட்டும் வரை வந்து அங்கேயே இழுபட்டுத் திரும்புகிறது, மறுபடி பாய்கிறது. ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரை மணலில் அலை எந்தக் கோடு வரை வந்து திரும்புகிறது என்று பார்த்திருக்கிறாய் அல்லவா? அந்தக் கோட்டையும் சங்கிலியையும் சேர்த்து இரண்டு வரி எழுது, அதுதான் பதில்.