ரோமத்தை விலக்கிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்: செம்மறி ஒட்டுண்ணிகள் பற்றிக் கேள்வி பதில்

மலைப்பகுதியில் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீலகிரி, கொடைக்கானல் மேல்மலை இரண்டு பக்கமும் செம்மறி மந்தைகளோடுதான் என் காலம் போனது. ரோமம் தரும் ஆடுகளுக்குப் பேன், சொறி, உண்ணி, குடற்புழு பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். மருந்துப் பெயரோடு வராதீர்கள். ஆட்டைப் பிடித்து, ரோமத்தை விலக்கி, என்ன தெரிகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (மன்னவனூர் பக்கம்): டாக்டர் ஐயா, 40 கலப்பின ஆடுகள் இருக்கின்றன. ஒரு மாதமாகக் கல்லிலும் வேலிக்கம்பியிலும் உரசிக்கொண்டே இருக்கின்றன. ரோமம் கொத்துக் கொத்தாகக் கழன்று முள்ளில் தொங்குகிறது. இது பேனா, சொறியா?

பதில்: சரியான கேள்வி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால் இதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

வெயிலில் ஆட்டை நிறுத்தி, தோள், விலா, பின்தொடை மூன்று இடத்திலும் ரோமத்தைப் புத்தகம் திறப்பது போலத் தோல் தெரியும் வரை விலக்குங்கள். ஒரு பக்கத்தில் குறைந்தது பத்து இடம். மந்தையில் மெலிந்தவை, ரோமம் கலைந்தவை எவையோ அவற்றிலிருந்து தொடங்குங்கள். வெளிர் பழுப்பில், எள்ளை விடச் சிறிதாக ஏதாவது அசைந்தால் அது கடிக்கும் பேன். தோலின் செதிலையும் பிசுக்கையும் தின்று வாழும், இரத்தம் குடிக்காது. தோல் பெரும்பாலும் காய்ந்துதான் இருக்கும்.

சொறி அப்படி இல்லை. செம்மறியின் ரோமத்தை நாசம் செய்வது சோரோப்டிஸ் என்ற சிற்றுண்ணி. தோலைத் துளைத்து உள்ளே போகாமல் மேலேயே இருந்துகொண்டு, தன் கழிவால் தோலைப் புண்ணாக்கி, கசியும் நீரைக் குடிக்கும். அந்த நீர் காய்ந்து மஞ்சள் பொருக்காகும். பூச்சி நடுவில் இருக்காது, பொருக்கின் ஈரமான ஓரத்தில்தான் இருக்கும். அங்கே சுரண்டியதைக் கறுப்புக் காகிதத்தில் வைத்து வெயில் காட்டினால் வெள்ளைப் புள்ளிகள் நகர்வது தெரியும். இன்னொரு அடையாளம் உண்டு. பொருக்கு உள்ள இடத்தை விரலால் சொறிந்துவிட்டால் ஆடு உதட்டைச் சப்புக் கொட்டும், தலையை ஆட்டும். சொறிக்கு இது முக்கியமான குறி, ஆனாலும் சுரண்டிப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை இதற்கு இரண்டு வாரம் போதும். ஒரு ஆட்டில் கண்டால் நாற்பதுக்கும் வைத்தியம். ஆட்டை விட்டு விழுந்த பூச்சி பட்டிக் கம்பிலும் முள்ளில் தொங்கும் ரோமத்திலும் 16, 17 நாள் உயிரோடு இருக்கும். அதனால் மருந்து கொடுத்த மந்தையை வேறு இடத்தில் அடைத்து, பழைய பட்டியை மூன்று வாரம் காலியாக விடுங்கள். இதைச் செய்யாமல் "மருந்து வேலை செய்யவில்லை" என்று வந்தவர்கள்தான் என்னிடம் அதிகம்.

முகத்திலும் காதிலும் மட்டும், ரோமமே இல்லாத இடத்தில் தடிப்பு இருந்தால் அது வேறு இனம், தோலுக்குள் துளை போடும் வகை. சுரண்டியதை உங்கள் கால்நடை மருந்தகத்தில் கொடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (தாராபுரம்): ஐவர்மெக்டின் ஊசி ஒன்று போட்டால் எல்லாம் போய்விடும் என்கிறார்கள். உண்மையா சார்?

பதில்: எல்லாம் போகாது. ஐவர்மெக்டின் அருமையான மருந்து, கண்டுபிடித்த கேம்ப்பெலுக்கும் ஒமுராவுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது நியாயமே. ஆனால் ஊசி இரத்தம் வழியாக வேலை செய்வது. இரத்தமோ தோல்நீரோ குடிக்கும் பூச்சிக்குத்தான் அது போய்ச் சேரும். இரத்தம் உறிஞ்சும் பேனுக்கு ஆகும். செதில் தின்னும் கடிக்கும் பேனுக்கு ஊசியை நம்பாதீர்கள், மேலே படும் மருந்துதான் வேண்டும்.

சொறிக்கு ஒரு ஊசியும் போதாது. ஏழு நாள் இடைவெளியில் இரண்டு. அளவு, ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம். 1 சதவீதக் கரைசல் என்றால் 50 கிலோவுக்கு 1 மில்லி, தோலுக்கு அடியில். எடையைக் கண்ணால் மதிக்காமல் தராசில் போடுங்கள். குறைந்த அளவு கொடுப்பது, சாகாமல் தப்பிய பூச்சியை வளர்த்துவிடும். பால் கறக்கும் ஆட்டுக்கு வேண்டாம். இறைச்சிக்கு அனுப்பும் முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது பாட்டில் உறையில் இருக்கும், படியுங்கள். மிச்சத்தை மந்தை நாய்க்குப் போடாதீர்கள். சில நாய் இனங்களுக்கு அது நரம்பைப் பாதித்து உயிரையே எடுக்கும்.

கேள்வி (பல்லடம்): குரும்பை ஆடுகள். காதிலும் தொடை இடுக்கிலும் உண்ணி. எரிந்த இன்ஜின் ஆயில் தடவலாமா?

பதில்: வேண்டாம். கழிவு எண்ணெயில் உள்ள உலோகங்கள் தோல் வழியாகவும் நக்குவதன் வழியாகவும் உடம்பில் சேரும். ரோமத்தில் பட்ட கறை எந்தச் சோப்பிலும் முழுதாகப் போகாது, அந்த ஆட்டின் ரோமம் மூட்டை முழுவதையும் கெடுக்கும். மண்ணெண்ணெய், தார், டீசல் எல்லாவற்றுக்கும் இதே பதில். உண்ணி இருப்பது ரோமம் குறைந்த இடங்களில்தான். டெல்டாமெத்ரின் போன்ற மருந்தை உறையில் சொன்ன அளவில் கலந்து அந்த இடங்களில் துணியால் துடைத்தாலே போதும். பட்டிச் சுவர் விரிசலிலும் அடிக்க வேண்டும், உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிப்பது அங்கேதான்.

கேள்வி (ஊட்டி): மருந்துத் தொட்டியில் முக்குவது எப்படி என்று விளக்கமாகச் சொல்லுங்கள் ஐயா. தொட்டி கட்டியிருக்கிறோம்.

பதில்: இதைச் சொல்லத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

ரோமம் கத்தரித்து இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் முக்குங்கள். கத்தரிக்கோல் கீறல்கள் அதற்குள் ஆறியிருக்கும். ரோமம் மருந்தைப் பிடித்து வைக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும், மருந்து தோலைத் தொடாமல் தடுக்கும் அளவுக்கு வளர்ந்திருக்காது. பேனிலும் பாதி கத்தரிக்கும்போதே போய்விடும்.

முந்தின நாள் மாலையே வயிறு நிறையத் தண்ணீர் காட்டுங்கள். தாகத்தோடு இறங்கிய ஆடு மருந்தைக் குடிக்கும். சொறி என்றால் ஒரு நிமிடம் முழுதாக உள்ளே இருக்க வேண்டும், தலையை இரண்டு முறை அழுத்தி எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டின் ரோமமும் தண்ணீரை விட மருந்தைத்தான் அதிகம் பிடித்துக்கொண்டு போகும். நீர்மட்டம் இறங்கியதும் வெறும் தண்ணீரை ஊற்றினால் கடைசி இருபது ஆடுகள் வெறும் குளியல்தான் குளிக்கும். உறையில் சொன்னபடி மருந்தும் சேர்த்து நிரப்புங்கள். ஒரு மாதத்துக்குக் குறைந்த குட்டி, சினை முற்றிய ஆடு, புண் உள்ளது மூன்றையும் விட்டுவிடுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மந்தையை நல்ல வெயில் என்று காலை பத்து மணிக்கு முக்க வைத்தேன். மதியம் மூடுபனி இறங்கித் தூறல் பிடித்தது. ஈரத்தோடு இரவைக் கழித்ததில் மூன்று இளங்குட்டிகள் விறைத்துச் செத்தன. அந்தப் பெரியவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது. மலையில் உறைபனிக் காலத்தில் முக்கவே முக்காதீர்கள். மற்ற மாதங்களிலும் காலை ஏழு, எட்டு மணிக்குள் தொடங்கி, மாலைக்குள் காய்ந்துவிடும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் செய்யுங்கள்.

அப்புறம், மிச்சத் தண்ணீர். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகை மருந்து ஒரு சிற்றோடையில் மிகக் கொஞ்சம் கலந்தாலும் மீனும் நீர்ப்பூச்சியும் சாகும். நம் ஓடைகள் கீழே எத்தனை ஊருக்குக் குடிநீர் என்று உங்களுக்குத் தெரியும். ஓடைப்பக்கம் தொட்டி கட்டியிருந்தால் இடத்தை மாற்றுங்கள். அமிட்ராஸ் என்ற மருந்தில் முக்குபவர்கள் குதிரையை அண்ட விடாதீர்கள், அதற்குக் குடல் அடைத்துக்கொள்ளும். ஊட்டியில் குதிரைகள் எங்கும் திரிவதால் சொல்கிறேன்.

கேள்வி (உடுமலை): பேனுக்கு ஐவர்மெக்டின் ஊசி எத்தனை மில்லி?

பதில்: தாராபுரத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். எந்தப் பேன் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: என் வெள்ளாடுகளுக்கும் இதே அளவுதானா?

பதில்: இல்லை. வெள்ளாட்டின் உடம்பு பல மருந்துகளை வேகமாகக் கழித்துவிடும், அளவு மாறும். உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி (கூக்கால்): தோலில் பூச்சி எதுவும் இல்லை ஐயா. ஆனால் ரோமத்தை இழுத்தால் நடுவில் பட்டென்று அறுகிறது. பெட்டை ஆடுகள் மட்டும் இப்படி.

பதில்: பார்த்துவிட்டு வந்ததற்கு நன்றி. உங்கள் பூச்சி அநேகமாக வெளியே இல்லை, வயிற்றுக்குள் இருக்கிறது.

ரோமம் ஒவ்வொரு நாளும் ஆட்டின் இரத்தத்திலிருந்து புரதம் வாங்கித்தான் வளர்கிறது. சில வாரம் சத்து குறைந்தாலோ காய்ச்சல் வந்தாலோ, அந்த வாரங்களில் வளர்ந்த பகுதி மெலிந்துவிடும். பிறகு ஆடு தேறினாலும் மெலிந்த இடம் அப்படியே இருக்கும். நூற்கப் போனால் எல்லா இழையும் அதே இடத்தில் அறுகும். நுனியிலிருந்து அறுந்த இடம் எவ்வளவு தூரம் என்று பாருங்கள், ஆடு எப்போது கஷ்டப்பட்டது என்று கணக்குப் போட்டுவிடலாம். பெட்டைகள் மட்டும் என்றால் குட்டி ஈன்ற சமயமாக இருக்கும். அப்போது எதிர்ப்புச் சக்தி குறைந்து புழு பெருகும்.

முதல் சந்தேகம் ஹீமாங்கஸ் என்ற இரத்தம் குடிக்கும் வயிற்றுப் புழு. ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தத்தை வீணாக்கும். ஆயிரம் புழு என்றால் 50 மில்லி. கழிச்சல் இருக்காது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். கீழ் இமையை இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள். தென் ஆப்பிரிக்காவில் இதற்கென்றே ஃபமாச்சா என்று ஐந்து நிற அட்டை உருவாக்கினார்கள். சிவப்பு என்றால் 1, வெள்ளைத் தாளைப் போல வெளுத்திருந்தால் 5. நான்கும் ஐந்தும் உடனே மருந்து. மூன்று என்றால் குட்டிக்கும் சினை ஆட்டுக்கும் கொடுங்கள். தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கினால் காத்திருக்கவே கூடாது.

நிறம் நன்றாக உள்ள ஆடுகளை மருந்து கொடுக்காமல் விடுங்கள். எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் ஒரே மருந்தை ஊற்றினால், மேய்ச்சல் நிலத்தில் மருந்துக்குச் சாகாத புழுவின் வாரிசுகள் மட்டும் மிஞ்சும். அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து பல மந்தைகளில் வேலை செய்யாமல் போனது இப்படித்தான். மருந்துக்கு முன்னும் 14 நாள் கழித்தும் புழுக்கையைக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவில் கொடுத்து முட்டை எண்ணச் சொல்லுங்கள். 95 சதவீதம் குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் மந்தைக்கு உதவாது. சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுக்காதீர்கள், குட்டி ஊனமாகலாம். காலையில் பனி காய்ந்த பிறகு மேயவிடுங்கள், புழுக்குஞ்சு ஈரப் புல்லில்தான் மேலே ஏறும்.

கேள்வி (சேலம்): மன்னிக்கவும் சார். நாங்கள் மேச்சேரி வளர்க்கிறோம். கம்பளி ரோமத்துக்கு இன்று விலையே இல்லை. கத்தரிக்கும் கூலி கூடத் தேறாது. எதற்கு இவ்வளவு பாடு?

பதில்: மேச்சேரி முடி ஆடு, கம்பளி ஆடு அல்ல. தமிழ்நாட்டு இனங்களில் பெரும்பாலானவை அப்படித்தான். மெல்லிய கம்பளிக்கு நீலகிரி இனம், முரட்டுக் கம்பளிக்குக் குரும்பை என்று சிலவே உள்ளன. விலை பற்றி நீங்கள் சொல்வது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் மேச்சேரிக்குப் பெயர் வாங்கித் தந்ததே அதன் தோல்தான்.

மறுபடி சேலம்: தோலுக்கும் பேனுக்கும் என்ன?

பதில்: நிறைய இருக்கிறது. பேன் ஊரும் ஆட்டின் தோலில், உடம்பு காட்டும் ஒவ்வாமையால் சிறு சிறு முடிச்சுகள் உண்டாகும். உயிரோடு இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. பதனிடும் தொழிற்சாலையில் முடியை எடுத்த பிறகுதான் தெரியும். அந்த இடத்தில் சாயம் சீராகப் பிடிக்காது. நியூசிலாந்தில் இதை ஆராய்ந்து, காரணம் கடிக்கும் பேன்தான் என்று காட்டினார்கள். பேனை ஒழித்தால் சில வாரங்களில் தோல் தேறிவிடும் என்பதும் தெரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் தோல் பதனிடும் இடங்களுக்குப் போகும் தோலைத் தரமில்லை என்று ஒதுக்கினால் அந்த நஷ்டம் கடைசியில் உங்கள் ஆட்டு விலையில்தான் வந்து விழும்.

வேறொருவர் (கரூர்): எங்கள் தாத்தா குரும்பை ரோமத்தில் கம்பளி நெய்தவர். அறுகாத, பொருக்கில்லாத ரோமம் கிடைத்தால் இன்றும் நெய்ய ஆள் இருக்கிறது. கொண்டுவரும் ரோமத்தில் பாதி சாணமும் தாரும். இதில் விலை இல்லை என்றால் எப்படி?

சேலம்: விலை கொடுத்தால் சுத்தமாகத் தருவோம்.

கரூர்: சுத்தமாகத் தந்தால் விலை கொடுப்போம்.

பதில்: இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் அடியை ஆடு வைத்திருப்பவர்தான் எடுத்து வைக்க முடியும். கத்தரிக்கும் நாளில் தார்ப்பாய் விரித்து, வயிற்று ரோமத்தையும் சாணம் பட்டதையும் தனிச் சாக்கில் போடுங்கள். அடையாளத்துக்குத் தார் வைப்பதை நிறுத்திக் காதில் வில்லை போடுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. கரூர்த் தம்பி, உங்களுக்கு என்ன நீளம், என்ன நிறம் வேண்டும் என்று ஆட்டுக்காரர்களிடம் சொல்லிவையுங்கள். நீலகிரி ஆட்டை ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகம் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் ரோமத்தை வாங்க ஆள் இல்லாவிட்டால், எந்த நிலையத்தாலும் ஒரு இனத்தை ஊருக்குள் நிலைக்க வைக்க முடியாது.

கேள்வி: புகையிலைத் தண்ணீர் ஊற்றினால் பேன் போகுமே?

பதில்: போகும். ஆஸ்திரேலியாவில் 19ஆம் நூற்றாண்டில் புகையிலையும் கந்தகமும் கலந்துதான் சொறியை எதிர்த்தார்கள், அந்த நாட்டில் அந்தச் சொறி பிறகு ஒழிந்தே போனது. ஆனால் நிகோடின் கொடிய விஷம். வீட்டில் காய்ச்சும் தண்ணீரில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்க வழியில்லை. குட்டிகள் சாகும், உங்கள் கையும் தாங்காது. வேண்டாம்.

கேள்வி: சொறிக்கு ஐவர்மெக்டின் ஒரு ஊசி போட்டேன், போகவில்லை.

பதில்: இரண்டு ஊசி. ஏழு நாள். பட்டி மூன்று வாரம் காலி. மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: உடம்பெல்லாம் கொப்புளம், காய்ச்சல், குட்டிகள் சாகின்றன. என்ன பூச்சி?

பதில்: பூச்சி அல்ல, ஆட்டம்மையாக இருக்கலாம். இதைப் படித்துக்கொண்டிருக்காமல் இப்போதே கால்நடை மருந்தகத்துக்குப் பேசுங்கள். ஆடுகளை நகர்த்தாதீர்கள்.

கேள்வி (பூம்பாறை): சந்தையில் கிடா ஒன்று வாங்கியிருக்கிறேன். இன்று மாலை வருகிறது. மந்தையோடு விடலாமா?

பதில்: விடாதீர்கள். மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள், உங்கள் ஆடுகளோடு மூக்கு உரசாத தூரத்தில். வந்து இறங்கியதும் பத்து இடத்தில் ரோமத்தை விலக்கிப் பாருங்கள், இமையைப் பாருங்கள், புழுக்கை எடுத்து வையுங்கள். வண்டியில் வந்த வைக்கோலை எரித்துவிடுங்கள். பார்த்ததை நாளைக் காலை எனக்கு எழுதுங்கள்.