இன்ஹேலரால் வளர்த்தி நிற்குமா?

கேள்வி: ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மகனுக்கு 7 வயது, மூன்று வயதிலிருந்தே வீசிங். இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறது, பிள்ளை வளராது என்று சொன்னதால் நிறுத்திவிட்டேன். முட்டை, தயிர், வாழைப்பழமும் கொடுப்பதில்லை. இப்போது வகுப்பிலேயே அவன்தான் குள்ளம். சந்தையில் ஒருவர் தரும் பொடிக்கு இளைப்பு உடனே கேட்கிறது. தொடரலாமா?

பதில்: தொடராதீர்கள் அம்மா. இளைப்பு இரண்டே நாளில் ஓடி, பசி கூடி, கன்னம் உப்புகிறதா? அப்படியானால் ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலந்திருக்கலாம். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு முகம் பணியாரம்போல உருண்டிருந்தது. உடம்பு தேறிவிட்டான் என்று ஆச்சிக்குச் சந்தோஷம். உயரமோ ஆறு மாதமாக அசையவில்லை. எந்தச் சீட்டும் இல்லாமல் பொட்டலம் மடித்துக் கொடுப்பவரிடம் பிள்ளையின் எலும்பை ஒப்படைக்காதீர்கள். ஆனால் வாரக்கணக்கில் கொடுத்திருந்தால் சட்டென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு நாளைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

இன்ஹேலரிலும் ஸ்டீராய்டுதான், மறைக்கவில்லை. ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு பஃப்பில் 100, 200 மைக்ரோகிராம். அதுவும் நேரே நெஞ்சுக்குப் போகிறது. 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றிலோ 5000 மைக்ரோகிராம். மருந்து வேறு வேறு என்றாலும் வித்தியாசம் புரியும். தினமும் இன்ஹேலர் எடுக்கும் பிள்ளைக்கு உயரத்தில் சுமார் 1 சென்டிமீட்டர் குறையலாம், அவ்வளவுதான். அடங்காத இளைப்பு அதைவிட அதிகம் தின்னும். ராத்திரி முழுக்க இருமினால் ஆழ்ந்த தூக்கம் இல்லை. வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது அந்தத் தூக்கத்தில்தான். மூச்சு வாங்கவே சத்து செலவாகிறது, சாப்பாடும் இறங்காது. டாக்டர் சொன்ன அளவில் மறுபடி தொடங்குங்கள். ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) வைத்து எடுத்து, வாய் கொப்பளிக்க வேண்டும்.

அப்புறம் பத்தியம். சத்துணவில் வாரம் ஐந்து நாளும் முட்டை போடுகிறார்கள். பையன் அதைப் பக்கத்துப் பிள்ளைக்குத் தள்ளிவிட்டு வெறும் சோற்றைத் தின்றால் எப்படி வளர்வான்? முட்டையும் தயிரும் பழமும் இளைப்பைக் கொண்டுவருவதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: முட்டை தின்ற சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடித்து அரித்தாலோ, உதடு வீங்கினாலோ, வாந்தியோ இளைப்போ வந்தாலோ அது அலர்ஜி. ஒவ்வொரு தடவையும் அப்படித்தானா என்று குறித்து வையுங்கள். நேற்றுத் தின்றதற்கு இன்று சளி என்பது அலர்ஜி இல்லை. அலர்ஜியே என்றாலும் அந்த ஒன்றை மட்டும்தான் நிறுத்த வேண்டும். தயிரையும் பழத்தையும் சேர்த்து நிறுத்தக் கூடாது.

உயரம் கூட்டும் என்று விற்கும் டப்பா மாவு வேண்டாம். அந்தக் காசுக்கு மீனும் பருப்பும் வாங்கலாம். வீட்டில் பீடி சுற்றினால் தட்டும் தூளும் அவன் படுக்கும் அறையில் இருக்கவே கூடாது.

ஆறு வயது வரை அங்கன்வாடியில் எடை பார்க்கிறார்கள், அதன்பின் பெரும்பாலும் யாரும் சீண்டுவதில்லை. வெளிநோயாளிப் பிரிவிலும் மூன்றே நிமிடத்தில் சிரப் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். சுவரோடு ஒரு ஸ்கேல் ஒட்டிவைக்க என்ன செலவு? நீங்களே கதவு நிலையில் பென்சிலால் கோடு போடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இந்த வயதில் வருடத்துக்கு 5 சென்டிமீட்டராவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அந்த அளவுகளை எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அளந்து பார்க்காமலே குட்டை வாகு என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள்.